நான் அடைத்த வென்டிலேட்டர்

நவம்பர் 4, திங்கள்

எங்கள் கீழ் வீட்டுக்குச் செங்கொடி வாடகைக்குக் குடிவந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. முதல் புகாரோடு இன்று படியேறி வந்துவிட்டாள். தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலர். ஊர் திருவாரூர்ப் பக்கம். கணவர் மன்னார்குடியில் கல்லூரி வேலை, மாதம் இரண்டு தடவை வந்து போவார். இங்கே அவளும் ஆறு வயது மகள் நறுமுகையும்தான்.

நான் மேரக்காய்க் கொடிப் பந்தலைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், பாத்ரூம்ல காத்தே வர மாட்டேங்குது. கேஸ் கீசர் உள்ளேயே எரியுது. குளிச்சிட்டு வந்தா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒரு வென்டிலேட்டர் வெச்சுத் தர முடியுங்களா?"

"மலைக்குப் புதுசும்மா நீங்க. ஆறாயிரம் அடி உயரம். சமவெளிக்காரங்களுக்கு முதல் வருஷம் தலைவலி வரத்தான் செய்யும்."

"ஆபீஸ்ல இருக்கும்போது வலிக்கலையே சார். குளிச்சா மட்டும்தான் வலிக்குது."

"அப்போ தண்ணியைக் கொஞ்சம் சூடு குறைச்சு வெச்சுக் குளிங்க."

போய்விட்டாள்.

அந்தச் சுவரில் வென்டிலேட்டர் இருந்ததுதான். குரங்குகள் அதன் வழியாக உள்ளே புகுந்து சோப்பு, பல்பொடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போயின. மூன்று வருடத்துக்கு முன் நானே செங்கல் வைத்துப் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டினேன். எங்கே இருந்தது என்று இன்றைக்கு எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

முப்பத்தொரு வருடம் வெடிமருந்து ஆலையில் பாதுகாப்புப் பிரிவு ஃபோர்மேனாக இருந்தவன். என் பிரிவில் ஒருவனுக்கு ஒரு விரல் போனதில்லை. எனக்கே பாதுகாப்பு சொல்லித் தருகிறாள்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை. பந்தல் பாதியில் நிற்கிறது. என் மனைவி புஷ்பலீலாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்துவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து தேவசகாயத்தோடு சர்ச் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவனுக்கு எங்கள் தெருவிலேயே நான்கு வாடகை வீடுகள். கீழ் வீட்டுப் புகாரைச் சொன்னதும் சிரித்தான்.

"சிகாமணி, சிலிண்டர் யார் பேர்ல இருக்கு?"

"அவங்க பேர்ல."

"பத்த வைக்கிறது யாரு?"

"அவங்கதான்."

"அப்புறம் நமக்கு என்ன? நான் புது அக்ரிமென்ட்ல ஒரு வரி சேர்த்துட்டேன். கேஸ் சம்பந்தமா எது நடந்தாலும் குடியிருக்கிறவங்க பொறுப்புன்னு. நீயும் சேர்த்துக்கோ."

நல்ல யோசனை. வரும் வழியில் புஷ்பலீலா கேட்டாள்: "சிலிண்டர் அவளோடது. கீசர் யாரோடதுங்க?"

"நான் வாங்கி மாட்டினது."

"பாத்ரூம்?"

ஏற்றத்தில் நடக்கும்போது பேசினால் மூச்சு வாங்கும் என்று சொன்னேன்.

நவம்பர் 19, செவ்வாய்

நறுமுகை நேற்றுக் குளித்து வந்ததும் வாந்தி எடுத்தாளாம். இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. சாயங்காலம் செங்கொடி வந்து ஒரு உறையை நீட்டினாள். அலுவலகக் கடிதம் மாதிரி தேதி போட்டு, பொருள் போட்டு எழுதியிருக்கிறாள்.

"ஐயா, நான்காம் தேதி வாய்மொழியாகக் கேட்டதை இப்போது எழுத்தில் கேட்கிறேன். குளியலறையில் காற்று வெளியேற வழியில்லை. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றி வைக்க வேண்டும், அல்லது சுவரில் வென்டிலேட்டர் அமைத்துத் தர வேண்டும். என் உயிருக்கும் என் குழந்தையின் உயிருக்கும் இது ஆபத்து. வீட்டைப் பாதுகாப்பாக வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. இப்படிக்கு, செங்கொடி."

கடமையாம். ஆலையில் மேனேஜர்கூட என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"எழுதிக் கொடுத்தா நான் பயந்துடுவேன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பயப்படறதுக்கு எழுதலை சார். மறந்துடக் கூடாதுன்னு எழுதினேன்."

வாய் கொஞ்சம் நீளம். கடிதத்தை இந்த டைரியிலேயே செருகி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 20, புதன்

நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காக நானே கீழே போய்ச் சோதித்தேன். கீசரைப் பற்ற வைத்து, கதவைத் திறந்து வைத்து, இரண்டு நிமிடம் நின்றேன். நீலச் சுடர். கசிவு வாசனை இல்லை. டியூப் புதிது. ரெகுலேட்டர் சரி.

"ஒண்ணும் இல்லம்மா. வேணும்னா குளிக்கும்போது கதவை லேசாத் திறந்து வெச்சுக்கோங்க."

"கதவைத் திறந்து போட்டுக்கிட்டுக் குளிக்கணுமா சார்?"

நான் ரெகுலேட்டரை இன்னொரு தடவை திருகிப் பார்த்தேன்.

"சரி சார், நானே கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து ஒரு ஓட்டை போட்டுக்குறேன். வேலையை நானே பார்த்துக்குறேன்."

"என் சுவத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளறையிலிருந்து குழந்தை எட்டிப் பார்த்தது.

நவம்பர் 29, வெள்ளி

செங்கொடியைப் படிக்கட்டில் பார்த்தேன். தலைவலி எப்படி என்று நானாகவே விசாரித்தேன்.

"ஒரு வாரமா இல்லை சார். கீசரை விட்டுட்டோம். அடுப்புல தண்ணி காய வெச்சுக் குளிக்கிறோம்."

மலை பழகிவிட்டது. நான் அன்றைக்கே சொன்னேன். புஷ்பலீலாவிடம் போய்ச் சொன்னதும், அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று எழுத்து கோணலாக வரும்.

காலை ஏழரை மணி. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டவில்லை, இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம். திறந்தால் நறுமுகை, பள்ளிச் சீருடையில், ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

"அம்மா கதவைத் திறக்க மாட்டேங்குறாங்க தாத்தா. கூப்பிட்டா பேச மாட்டேங்குறாங்க."

ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் அந்தப் படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள். தண்ணீர் கொட்டும் சத்தமும் கீசர் எரியும் சத்தமும் மட்டும் கேட்டன. முதலில் சமையலறைப் பக்கம் இருந்த சிலிண்டரை மூடினேன். பிறகு பந்தலுக்குக் குழி தோண்டுகிற கடப்பாரையை எடுத்து வந்து கதவு இடுக்கில் கொடுத்து நெம்பினேன். இரண்டாவது தடவையில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது.

உள்ளே வெள்ளைப் புகையாக ஆவி. அவள் தரையில், சுவரில் சாய்ந்தபடி கிடந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அக்குளுக்குக் கீழே கை கொடுத்து இழுத்தேன். கூடத்துக்குக் கொண்டுவந்து ஜன்னல், வாசல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். புஷ்பலீலா போர்வையோடு வந்துவிட்டாள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. ரொம்பக் கொஞ்சம்.

"அம்மா செத்துட்டாங்களா?" என்றது குழந்தை.

"இல்ல கண்ணு," என்றேன். அப்போது எனக்கே தெரியாது.

ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துவிட்டு, உடனே கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். இன்று கலெக்டர் அலுவலகத்தில் கூட்டமாம், தலைக்குக் குளிக்கச் சூடு தண்ணீர் நிறைய வேண்டியிருந்ததாம். அதனால் இன்று ஒரு நாள் மட்டும் கீசரைப் போட்டாளாம். குழந்தை சொல்லித்தான் தெரிந்தது.

ஆக்சிஜன் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு வண்டி மலைப்பாதையின் பர்லியார் வளைவுகளில் இறங்கிப் போவதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நறுமுகை எங்களோடுதான் இருக்கிறது. மத்தியானம் தயிர்சோறு இரண்டு வாய் சாப்பிட்டது.

டிசம்பர் 5, வியாழன்

கண் திறந்துவிட்டாள். கணவர் கலைவாணன் போனில் சொன்னார். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. அடைத்த அறையில் கேஸ் எரிந்து காற்றில் ஆக்சிஜன் குறைந்ததும் அந்த விஷம் உண்டாகிறது, இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னாராம்.

"நீங்க இல்லேன்னா என் பொண்டாட்டி இல்ல சார்," என்று அழுதார்.

"கடவுள் கிருபை," என்றேன். அதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

டிசம்பர் 8, ஞாயிறு

பேப்பரில் என் படம் வந்திருக்கிறது. "கதவை உடைத்து இளம்பெண்ணைக் காப்பாற்றிய முதியவர்." சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு நடுவே என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். கைதட்டல். தேவசகாயம் எனக்குச் சால்வை போர்த்தினான். பச்சை நிறம், நல்ல சரிகை.

புஷ்பலீலா கைதட்டவில்லை. முழங்கால் வலியாக இருக்கலாம்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டரே வந்தார். மருத்துவமனையிலிருந்து தகவல் போனதால் விசாரித்தே ஆக வேண்டுமாம். மரியாதையாகத்தான் பேசினார். சால்வை போர்த்திய படத்தைப் பார்த்தாராம். தேவசகாயம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"பாத்ரூம்ல காத்து போக வழியே இல்லையே சார். கீசரை மாட்டினது யாரு?"

"மெக்கானிக் போஜன்," என்று தேவசகாயம் முந்திக்கொண்டான். "மார்க்கெட் பக்கம் கடை. அவன்தான் தெரியாத்தனமா உள்ளே மாட்டியிருக்கான்."

"குடியிருந்த பொண்ணு உங்ககிட்ட முன்னாடி ஏதாவது கேட்டிருக்காங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். தேவசகாயம் என் முழங்கையை லேசாகத் தொட்டான்.

"அப்படி ஒண்ணும் இல்ல," என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். புஷ்பலீலா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். அவள் தட்டை வைத்த சத்தம் சமையலறையிலிருந்து கேட்டது.

டிசம்பர் 11, புதன்

போஜனைக் காலையில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டு மத்தியானம்தான் விட்டார்களாம். மறுபடி நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நேராக இங்கே வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஐயா, நான் அன்னைக்கு என்ன சொன்னேன்?"

"எப்போ?"

"கீசர் மாட்டின அன்னைக்கு. இதை உள்ளே மாட்டக் கூடாது, வெளிச் சுவத்துல மாட்டிட்டுப் பைப் மட்டும் உள்ளே இழுக்கலாம்னு சொன்னேன். மழையில நனைஞ்சா துருப்பிடிக்கும், உள்ளேயே மாட்டுன்னு நீங்க சொன்னீங்க. சரிங்க, அப்போ இந்த வென்டிலேட்டரை மட்டும் எந்தக் காலத்துலயும் மூடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

வாசலில் கிடந்த அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் போறேன். பேர் கெட்டுப்போச்சுன்னா எவன் வீட்டுக்குள்ள விடுவான்? எங்க ஹட்டி ஊர் முழுக்க இதுக்குள்ளயே பேச ஆரம்பிச்சுட்டாங்க. போஜன் மாட்டின கீசர்னு." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நீங்க காப்பாத்தினவர் ஐயா. எல்லாரும் சொல்றாங்க. அப்போ கொல்லப் பார்த்தது நானா?"

போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மை. இரண்டு தடவை சொன்னான். ஒரு தடவை கீசரை மாட்டும்போது, இன்னொரு தடவை கேட்டருகே ஸ்கூட்டரில் ஏறும்போது. அடுத்த மாதமே நான் அடைத்தேன். அதை நவம்பர் நான்காம் தேதி இங்கே எழுதும்போது நான் எழுதவில்லை. மறந்துபோய் எழுதாமல் விடவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் புஷ்பலீலா இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பத்தோரு வருடத்தில் நான் சாப்பிடும்போது அவள் இப்படி உட்கார்ந்தது அதிகமில்லை.

"அந்தக் கடுதாசி எங்கேங்க?"

"எந்தக் கடுதாசி?"

"செங்கொடி கொடுத்தது."

"இருக்கு."

"எங்கே?"

"டைரியில."

"கிழிக்கலையே?"

"இல்ல."

"ஏன் கிழிக்கலை?"

எனக்குக் கோபம் வந்தது. "இப்போ என்ன சொல்ல வர்றே? நான் போய் மாட்டிக்கணுமா? இந்த வயசுல கோர்ட் ஏறணுமா? நான்தான் கதவை உடைச்சேன். நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"ஆமா. நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க," என்றாள். "எங்கே இருந்து தூக்கிட்டு வந்தீங்க?"

இட்லி ஆறிப்போனது. அவளும் சாப்பிடவில்லை. அடுத்த அறையில் நறுமுகை தனக்குத்தானே ஏதோ கதை சொல்லிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தது. அந்தக் கதையில் வந்த அம்மா பேசவே மாட்டேன் என்கிறாள். குழந்தை திரும்பத் திரும்ப அவளை எழுப்பிக்கொண்டிருந்தது.

ஆலையில் ஏதாவது விபத்து மயிரிழையில் தப்பினால், முதலில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். யார் காப்பாற்றினார்கள் என்று கேட்க மாட்டேன். யார் விட்ட தவறு என்றுதான் கேட்பேன். ஒருவனையும் நான் விட்டதில்லை. அழுதவனைக்கூட விட்டதில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். டைல்ஸைப் பெயர்த்து, பூச்சைத் தட்டி, செங்கல் ஒவ்வொன்றாக எடுத்தேன். சுத்தமான வேலை, லேசில் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசிச் செங்கல் போனதும் காற்று முகத்தில் அடித்தது. உடைத்த செங்கற்களை அப்படியே போட்டுவிட்டு, கையைக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தேவசகாயத்துக்கு யார் சொன்னார்களோ, பஸ் ஸ்டாப்பில் வந்து வழிமறித்தான்.

"உனக்குப் பைத்தியமா? கேஸ் முடிஞ்சுபோச்சு. மெக்கானிக் ரெண்டு மூணு தடவை அலைவான், அப்புறம் விட்டுடுவாங்க. நீ எதுக்குத் தலையைக் கொடுக்குறே?"

"அவன் தப்புப் பண்ணலை."

"நீ மட்டும் பண்ணியா? இந்த ஊர்ல எல்லார் வீட்டுலயும் இப்படித்தான் இருக்கு. நீ போய் ஒத்துக்கிட்டா நாளைக்கு எல்லாரையும் கேப்பாங்க. எங்களை நினைச்சுப் பாரு."

"நினைச்சுப் பார்த்துட்டுத்தான் போறேன்."

"சர்ச்சுல சால்வை போர்த்தினோமே சிகாமணி!"

பையில் வைத்திருந்தேன். எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பஸ் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "சார், உங்களை எல்லாரும் பாராட்டுறாங்க. அந்தப் பொண்ணும் பிழைச்சுட்டாங்க. நீங்களா தேடி வந்து ஏன் சார் மாட்டிக்கறீங்க?"

"பேனாவைத் திறங்க," என்றேன். "எழுதிக்கோங்க. கீசரை உள்ளே மாட்டச் சொன்னது நான். வென்டிலேட்டரை மூடாதீங்கன்னு போஜன் ரெண்டு தடவை சொன்னான். மூடினது நான். அந்தப் பொண்ணு வாயால ஒரு தடவையும் எழுத்துல ஒரு தடவையும் கேட்டாங்க. சொந்தமா ஓட்டை போட்டுக்குறேன்னும் கேட்டாங்க. விடாதது நான். செவ்வாய்க்கிழமை உங்ககிட்டப் பொய் சொன்னதும் நான்தான். இந்தாங்க கடிதம்."

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக வழக்கு. கையெழுத்துப் போட்டேன். ஸ்டேஷன் ஜாமீன் கிடைத்தது. போஜனை இனி வர வேண்டாம் என்று என் எதிரிலேயே போன் பண்ணிச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

கோயம்புத்தூர். கலைவாணனின் தங்கை வீட்டில் செங்கொடி இருக்கிறாள். நறுமுகையைக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். தாயும் மகளும் கட்டிக்கொண்டதை நான் பார்க்கவில்லை, வாசலில் பூத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கலைவாணன் என்னை உள்ளே கூப்பிடவில்லை. செங்கொடிதான் கூப்பிட்டாள். இளைத்திருக்கிறாள். டம்ளரை எடுக்கும்போது கை ஆடுகிறது. சில பெயர்கள் ஞாபகத்துக்கு வரவில்லையாம். ரோஜாச் செடிக்கு வருகிற நோய்களை மனப்பாடமாகச் சொல்லுவாளாம், இப்போது இரண்டு மூன்று விட்டுப்போகிறதாம். நாளாக நாளாகச் சரியாகும் என்கிறாராம் டாக்டர்.

சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். உட்கார்ந்து கேட்கவில்லை, நின்றுகொண்டு கேட்டேன்.

"ஸ்டேஷன்ல நீங்க கொடுத்த வாக்குமூலத்தை வக்கீல் காட்டினாங்க," என்றாள். "படிச்சேன். ஒண்ணுவிடாம சொல்லியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"நான் கேஸை வாபஸ் வாங்க மாட்டேன் சார்."

"வாங்காதீங்க."

"உங்க மேல கோபத்துல சொல்லலை. கோபமும் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு வேற ஒருத்தி வேற ஒரு வீட்டுல கேட்டா, உன் தலைவலிக்கு மலைதான் காரணம்னு எந்த வீட்டுக்காரரும் சொல்லக் கூடாது. அதுக்கு ஒரு தீர்ப்பு இருக்கணும்."

"இருக்கணும்," என்றேன்.

கிளம்பி வரும்போது அவள் கேட்டாள்: "பந்தல் கட்டி முடிச்சீங்களா?"

இல்லை என்றேன். பந்தல் வேலையில் எனக்குக் கை ஓடவில்லை என்று சொல்லவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். கேக் கொடுக்கத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போவோம், எல்லா வீட்டிலிருந்தும் வரும். இந்த வருடம் மூன்று வீட்டிலிருந்துதான் வந்தது. நாங்கள் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம்.

சாயங்காலம் போஜன் மனைவியோடு வந்தான். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான். கீசரைப் பற்றிப் பேசவில்லை. கேரட் விளைச்சலைப் பற்றிப் பேசினோம்.

ஜனவரி 11, சனி

போஜன் கீசரை வெளிச் சுவரில் மாட்டி, மேலே ஒரு தகரக் கூரையும் போட்டுக்கொடுத்தான். குளியலறையில் வென்டிலேட்டர், அதில் குரங்கு நுழையாதபடி இரும்பு வலை. அரை நாள் வேலை. மூன்று வருடம் முன்பே அரை நாள் வேலைதான்.

கீழ் வீடு காலியாகவே இருக்கிறது. இனி வருகிறவர்கள் கையில் அக்ரிமென்டோடு ஒரு காகிதமும் கொடுப்பேன்: கீசரையும் டியூபையும் வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர் பொறுப்பில் மெக்கானிக்கை வைத்துச் சோதித்து, அவன் கையெழுத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். புஷ்பலீலா அதில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னாள்: குடியிருப்பவர் கேட்டால் வருடம் முடியக் காத்திருக்கக் கூடாது. சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

கோர்ட். குற்றத்தை மறுத்தால் வழக்கை இழுத்துப் பார்க்கலாம் என்று வக்கீல் கடைசிவரை சொன்னார். மாஜிஸ்திரேட் சின்ன வயதுப் பெண். ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஒப்புக்கொள்கிறேன் அம்மா."

வயதைக் கருதி அபராதமும், கோர்ட் கலையும்வரை காவலும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரை மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தேன். செங்கொடி வந்திருந்தாள், கடைசி வரிசையில் இருந்தாள். தீர்ப்பு முடிந்ததும் அருகில் வந்தாள்.

"அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பறேன் சார். வேற வீடு பார்த்தாச்சு."

"பாத்ரூமைப் பார்த்தீங்களா?"

"முதல்ல அதைத்தான் பார்த்தேன்," என்றாள். கொஞ்சம் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 14, சனி

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ஜன்னல்களை எல்லாம் மூடிக்கொள்ளும் காலம்.

காலையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். நர்சிங் படிக்கிறார்கள், தேவசகாயத்தின் மூன்றாவது வீட்டில் நான்கு பேராகக் குடியிருக்கிறார்கள். ஒருத்தி பெயர் ஜெபக்கனி, விளாத்திகுளத்துக்காரி.

"ஐயா, குளிச்சா மயக்கம் வருது. வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா மலைக்குப் புதுசுன்னு சொல்றார். உங்ககிட்டக் கேக்கச் சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. போஜனுக்குப் போன் பண்ணினேன். பத்து நிமிடத்தில் பையோடு வந்தான். நாங்கள் நான்கு பேரும் குடையோடு போனோம்.

தேவசகாயம் கேட்டுக்குள்ளே நின்றான். கொண்டியில் கை வைத்திருந்தான்.

"எந்த அதிகாரத்துல என் வீட்டுக்குள்ள வர்றே?"

"அதிகாரம் ஒண்ணும் இல்ல. நான் தண்டனை வாங்கினவன். எந்தத் தப்புக்கு வாங்கினேன்னு உனக்குத் தெரியும். அதே தப்பு உன் பாத்ரூம்ல இருக்கு."

"அக்ரிமென்ட்ல எழுதி வாங்கியிருக்கேன். அவங்க பொறுப்பு."

"விஷக்காத்து அக்ரிமென்ட் படிக்காது. கேட்டைத் திற, போஜன் பார்க்கட்டும். திறக்கலேன்னா இந்த வீட்டு நாலு பிள்ளைங்களும் இன்னைக்கே என் கீழ் வீட்டுக்கு வர்றாங்க. பெட்டியை நானே தூக்குவேன். அப்படியே ஸ்டேஷனுக்கும் போவேன். வழி எனக்குத் தெரியும்."

மழை வலுத்தது. தெருவில் இரண்டு மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவன் என்னைப் பார்த்தான், போஜனைப் பார்த்தான், அந்தப் பெண்களைப் பார்த்தான். ஜெபக்கனி அவனையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் தாழ்த்தவில்லை.

கொண்டியைத் தூக்கினான்.

உள்ளே கீசர் குளியல் தொட்டிக்கு மேலே இருந்தது. ஜன்னலில் அட்டை வைத்து ஆணி அடித்திருந்தான். குளிர் வராமலிருக்க. போஜன் கேஸை மூடி, கீசரைக் கழற்றிக் கீழே இறக்கினான். நான் அட்டையைப் பிய்த்தேன். இதற்கு உளிகூடத் தேவைப்படவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனைக்குப் போனோம். முப்பது வருடமாக என் பக்கத்தில் உட்காருகிற தேவசகாயம் இன்று நான்கு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

உட்காரட்டும்.